நிலாவெளிக் காணியை ட்ரோனில் எடுத்து பேர்ச் கணக்கு போட்டுக் கொடுக்கலாமா?

உப்புவெளி கமரா:
கலியாண வீடியோ எடுக்கிற ஆள் நான். என்னுடைய ட்ரோன் 249 கிராம். லண்டனில் இருக்கும் ஒருவர் திருகோணமலை நிலாவெளியில் இருக்கும் தன் காணியை மேலிருந்து எடுத்து, எல்லையைக் கோடு போட்டு, எத்தனை பேர்ச் (காணி அளக்கும் அலகு) என்றும் எழுதி அனுப்பச் சொல்கிறார். நல்ல காசு. 250 கிராமுக்குக் கீழே என்றால் பதிவே வேண்டாம் என்று யூடியூப்பில் சொல்கிறார்களே, சரியா? கிழக்கு மாகாணத்துக்கென்று தனிச் சட்டம் ஏதும் உண்டா?

சங்கிலி பிடித்தவன்:
தம்பி, அந்த 250 அமெரிக்கக் கணக்கு. அங்கேயும் அது பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுபவர்களுக்குத்தான். காசுக்குப் பறக்கவிட்டால் எடை எதுவானாலும் பதிய வேண்டும். இங்கே இலங்கையில் கணக்கு 200 கிராம். சிவில் விமான சேவைகள் அதிகார சபையில் பதியாமல் உங்கள் ட்ரோனைக் கிளப்ப வேண்டாம். மாகாணச் சட்டம் என்று ஒன்றும் கிடையாது, விமான விஷயம் எல்லாம் கொழும்புதான்.

ஆனால் நம்மூரில் சட்டப் புத்தகத்தைவிட வரைபடம் முக்கியம். சீனக்குடாவில் விமானப்படை, டொக்யார்ட்டில் கடற்படை, கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியிலேயே பிரட்ரிக் கோட்டைக்குள் இராணுவம். நிலாவெளிக்கு எதிரே புறாமலை தேசியப் பூங்கா, அதற்கு வனஜீவராசிகள் திணைக்களத்திடம் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் 'கோவிலுக்கு மேலே ஒரு ஷாட்' என்றால் அப்போதே மறுத்துவிடுங்கள்.

அப்புறம் பேர்ச் கணக்கு. எல்லை சொல்வது 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டப்படி பதிவுபெற்ற சர்வேயரின் வேலை. நான் சர்வேயரோடு திரிந்தவன், சொல்கிறேன்: இடம்பெயர்ந்து போனவர்களின் காணியில் எல்லைக்கல்லே கிடைக்காது. பக்கத்து வீட்டுக்காரர் போட்ட கம்பிவேலிதான் படத்தில் விழும். காணி உறுதியில் (பத்திரத்தில்) இருப்பது வேறாக இருக்கும். நீங்கள் போடும் கோடு நாளைக்கு வழக்கில் வந்து நிற்கும்.

நிலாவெளிப் பொடியன் (ராலியிலிருந்து):
இதே கதை இங்கே அமெரிக்காவின் வட கரோலினாவில் வழக்காகவே நடந்தது. ட்ரோன் படங்களை அளவெடுக்கக்கூடிய வரைபடமாக்கி விற்க முயன்றவரை, சர்வேயர் லைசென்ஸ் இல்லை என்று, அந்த லைசென்ஸைக் கொடுக்கும் மாநிலச் சபை தடுத்தது. பேச்சுச் சுதந்திரம் என்று வழக்குப் போட்டார். 2024 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாநிலத்தின் பக்கமே நின்றது. பறப்பதற்கு மத்திய அரசின் விதி, 2016இல் வந்த 107ஆம் பகுதி. எடுத்ததை என்னவாக்கி விற்கலாம் என்பதில் மாநிலம் கைவைக்கிறது. அந்த லைசென்ஸ் வாங்கப் பல வருஷம் பிடிக்கும், எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

உப்புவெளி கமரா:
அப்படியென்றால் கோடும் பேர்ச்சும் இல்லாமல் வெறும் வீடியோ மட்டும் அனுப்பலாமா அண்ணா?

சங்கிலி பிடித்தவன்:
பதிவும் அனுமதியும் கையில் வந்த பிறகு அனுப்பலாம். லண்டன்காரருக்குப் பேர்ச் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு சர்வேயரைப் பிடியுங்கள். அவர் அளந்து பிளானில் கையெழுத்து வைப்பார், உங்கள் படத்தைக் கூடவே கொடுக்கலாம். காசை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் முதலிலேயே பேசிவிடுங்கள்.