டிங்கரிங் முடிஞ்சதுல இருந்து வலது ஹெட்லைட் மேல அடிக்குது, வீட்டுலயே இறக்க முடியுமா?

காட்பாடிக்காரன்:
ஸ்விஃப்ட், ஹாலஜன் எச்4 பல்பு. முன்பக்கம் வேலை பார்த்து வந்ததுல இருந்து, சித்தூர் ரோட்ல லோ பீம்ல போனாலும் எதிர்ல வர்ற லாரிங்க ஹை பீம் அடிச்சே திட்டுறாங்க. எங்க தெரு வேற ஒரே சரிவு. எங்க நிறுத்தி, எப்படி அளக்கிறது?

சத்துவாச்சாரி ஸ்பேனர்:
மலையடியில இருக்கிற எல்லாருக்கும் இதே பாடுதான் தம்பி. முகூர்த்தம் இல்லாத நாள்ல ஏதாவது கல்யாண மண்டபத்துல கேளு, தரையும் சமமா இருக்கும், சுவரும் இருக்கும். வேலூர் கோட்டை மதில் பெருசா இருக்கேன்னு அங்க போயிடாத, நடுவுல அகழி!

டயர்ல காத்து சரியா இருக்கணும், டிக்கி காலியா இருக்கணும், டிரைவர் சீட்ல ஆள் உட்காரணும். டாஷ்போர்டுல லைட் லெவல் நாப் இருந்தா 0-ல வை. சுவத்துக்கும் லைட்டுக்கும் 5 மீட்டர். தரையில இருந்து பல்பு நடு வரைக்கும் அளந்துக்கோ. 68 செ.மீ. வந்தா சுவத்துல 63-ல டேப் ஒட்டு. லைட் யூனிட்லயோ பானட் உள்ளேயோ 1.0%னு போட்டிருந்தா (வெளிச்சம் கீழ சாய வேண்டிய அளவு அது) 5 மீட்டருக்கு 5 செ.மீ. இறக்கணும், அதான் இந்தக் கணக்கு; 1.2%னா 6 செ.மீ. இறக்கணும். வெளிச்சத்தோட மேல் விளிம்பு வலப்பக்கம் படுக்கையா இருக்கும், இடப்பக்கம் ஏறும். படுக்கையா இருக்கிறதைத்தான் டேப்ல சேர்க்கணும்.

குடியாத்தம் லோடு வண்டி:
எதுக்குப்பா இவ்ளோ கணக்கு? நல்லா கீழ இறக்கி விடு, ஒருத்தனும் திட்ட மாட்டான்.

சத்துவாச்சாரி ஸ்பேனர்:
அண்ணே, 68 செ.மீ. உயரத்துல 1% சரிவுன்னா வெளிச்சம் 68 மீட்டர் போய்த் தரையைத் தொடும். 2% ஆக்கினா 34 மீட்டர்தான். 80-ல போற வண்டி அதை ஒன்றரை செகண்டுல தாண்டிடும். ரிஃப்ளெக்டர் இல்லாத மாட்டு வண்டி நின்னா பிரேக்ல கால் வைக்கவே நேரம் பத்தாது.

தம்பி, ஸ்க்ரூவைத் தொடுறதுக்கு முன்னாடி பின்பக்க ரப்பர் மூடியைக் கழட்டி பல்பைப் பாரு. பல்பு வளையத்துல நீட்டிட்டு இருக்கிற மூணு காதும் பள்ளத்துல உட்கார்ந்திருக்கா? யாராவது எல்இடி மாட்டிட்டாங்கன்னா எவ்ளோ திருகினாலும் விளிம்பு கோடா நிக்காது, சிதறும்.

காட்பாடிக்காரன்:
அண்ணா, அதேதான்! ஒரு காது வெளிய நின்னுச்சு, கம்பி கிளிப் மேலோட்டமா மாட்டியிருந்தாங்க. சரியா உட்கார வச்சதும் பாதி இறங்கிடுச்சு. மிச்சத்துக்கு எந்த ஸ்க்ரூ?

சத்துவாச்சாரி ஸ்பேனர்:
யூனிட் பின்னாடி ரெண்டு இருக்கும், ஒண்ணு மேல கீழ, இன்னொண்ணு இடம் வலம். அரைச் சுத்து திருகி சுவத்தைப் பாரு, எது எதுன்னு தெரிஞ்சிடும். இடது லைட்டை அட்டை வச்சு மறைச்சுக்கோ, லென்ஸ் மேல துணி போட்டு மூடாத, சூடு ஏறும்.

காட்பாடிக்காரன்:
ஹை பீமைத் தனியா சரி பண்ணணுமா?

சத்துவாச்சாரி ஸ்பேனர்:
வேணாம். எச்4-ல ரெண்டு இழையும் ஒரே பல்புல, ஒரே ரிஃப்ளெக்டர்ல இருக்கு. லோ சரியானா ஹையும் கூடவே வந்துடும்.