குழுக் கடனில் லேப்டாப் வாங்கி ஆன்லைன் வேலை பார்க்கலாமா?

தேன்மொழி:
எங்கள் மகளிர் குழுவில் சில பெண்கள் டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறார்கள், டைப்பிங் நன்றாக வரும். குழுக் கடனில் லேப்டாப் வாங்கிக் கொடுத்து ஃப்ரீலான்ஸ் வேலைக்குப் பழக்கலாம் என்று நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது?

குமார்77:
கடன் இப்போது வேண்டாம் அக்கா. அப்வொர்க், ஃபைவர் மாதிரி தளங்களில் முதல் ஆர்டர் வரவே மாதக்கணக்கில் ஆகலாம், தவணையோ அடுத்த மாதமே வந்து நிற்கும். பழைய லேப்டாப் ஒன்றைப் பொதுவில் வைத்துப் பழகட்டும். டேட்டா என்ட்ரி தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டு என்று எவராவது கேட்டால் மோசடிதான்.

செல்வி:
வெறும் டைப்பிங்குக்குப் போட்டி அதிகம், கூலி குறைவு. ஆடியோ கேட்டு எழுதுவது, சப்டைட்டில், மொழிபெயர்ப்பு என்று தமிழ் தேவைப்படும் வேலையைப் பிடியுங்கள். அப்புறம் பான் கார்டும் அவரவர் பெயரில் வங்கிக் கணக்கும் முக்கியம்; இனிஷியல் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று இருந்தால் பணம் வரும் நேரத்தில் தலைவலி.

தேன்மொழி:
சரி, வேலை வந்த பிறகு முத்ராவா (சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன்), குழுக் கடனா?

குமார்77:
முத்ராதான். அதில் சிசு என்ற சிறு கடன் பிரிவு 50,000 ரூபாய் வரை, பிணை கேட்கக் கூடாது. தனி ஆள் கடன் என்பதால் ஒருவர் தவறினாலும் குழுவுக்குப் பிரச்சினை இல்லை. வாரத் தவணைக் கடன் பக்கம் மட்டும் போகாதீர்கள், இந்த வருமானம் வாராவாரம் வராது.