வூஹானில் மனசுல நின்ன சாப்பாடு எது? அனுபவம் எழுதுங்க

தேனிக்காரன்:
மியென் வோ. அங்கே இருந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. 2018 செப்டம்பரில் முதுகலைக்குப் போனவன் நான். மூன்று மாதம் குக்கர் சோறும் அம்மா கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியும்தான். டிசம்பரில் பொடி தீர்ந்தது. காலை ஏழு மணி, பின்கேட் சந்து, ஒரு பாட்டி எண்ணெய்ச் சட்டி வைத்து உட்கார்ந்திருந்தார். வாசனை அப்படியே எங்கள் ஊர் டீக்கடை.

அவர் கையில் நடுவில் மேடு தட்டிய ஒரு இரும்புக் கரண்டி. அதில் மாவை ஊற்றி எண்ணெயில் அமிழ்த்துவார். மாவு ஓரத்தில் ஒதுங்கித் தடிப்பாக நிற்கும், நடுவில் மெல்லிசாகப் பரவி ஓட்டை விழும். கரண்டியை விட்டு அது தானாகக் கழன்று மிதக்கும்போது வடையேதான். இஞ்சி, வெங்காயத்தாள் எல்லாம் உண்டு. ஒன்று ஒரு யுவான்.

என்னைப் பார்த்ததும் தினமும் ஒரு கேள்வி கேட்பார். கடைசி வார்த்தை மட்டும் "மாவ்?" என்று காதில் விழும். மாவைப் பற்றி ஏதோ கேட்கிறார் போல என்று நினைத்து, புரியவில்லை என்று தலையை ஆட்டுவேன். உடனே காகிதப் பையில் இன்னொன்றைப் போடுவார். அதற்குக் காசு வாங்கவே மாட்டார். கொசுறு போடுகிற வழக்கம் போல என்று எடுத்துக்கொண்டேன். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போனது.

2020இல் பொங்கல் முடிந்த கையோடு, அவர்களுடைய புத்தாண்டுக்காக அவர் ஊருக்குப் போய்விட்டார். ஜனவரி 23 காலை கொரோனாவுக்காக வூஹானை மூடினார்கள். பிப்ரவரி 1 ஏர் இந்தியா விமானத்தில் டெல்லி, அங்கிருந்து மானேசர் தனிமைப்படுத்தல் முகாம். ஏப்ரல் 8 நகரத்தைத் திறந்த அன்று என் வழிகாட்டிப் பேராசிரியர் வீடியோ அழைப்பில் வந்தார். "இன்றைக்கு வெளியே போய் குவோ ஸாவ் பண்ணினேன்" என்றார், கண் கலங்கியபடி. அப்படியென்றால் என்ன என்று கேட்டேன். காலைச் சாப்பாட்டுக்கு வூஹான்காரர்கள் சொல்கிற வார்த்தையாம். வழியில் யாரைப் பார்த்தாலும் "குவோ ஸாவ் லியாவ் மாவ்?" என்று கேட்பார்களாம். சாப்பிட்டாச்சா?

அந்தப் பாட்டி ஒரு வருஷமாகக் கேட்டது அதைத்தான். நான் தினமும் இல்லை இல்லை என்று தலையாட்டியிருக்கிறேன். வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் "ஸாவ் ஃபான்" மட்டும்தான்.

மஞ்சள்பை:
தேனி அண்ணா, படிச்சு முடிச்சு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் கதை சின்னது. ரெ கான் மியென். சூப் நூடுல்ஸ்னு நினைச்சு வாங்கினேன். காகிதக் கிண்ணத்துல மேல எள் விழுது, கீழ காஞ்ச நூடுல்ஸ். ரெண்டு வாய்ல தொண்டை அடைச்சு, பாதியில வச்சுட்டேன். பஸ் ஸ்டாப்புல பக்கத்துல நின்ன தாத்தா ஒண்ணும் பேசாம கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கி, ரெண்டு குச்சியால அடியிலிருந்து மேலே, அடியிலிருந்து மேலேன்னு கிளறிக் கொடுத்தார். அந்தக் கை வேகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அப்புறமும் கொஞ்சம் வறட்சியாத்தான் இருந்தது. அந்த நூடுல்ஸை ஊரே ஏன் கொண்டாடுதுன்னு எனக்கு இன்னும் புரியலை.

ஹான்கோ அக்கா:
மஞ்சள்பை தம்பி, தாத்தா கிளறிக் கொடுக்குறதுக்குள்ள அது ஆறியிருக்கும். தப்பு நூடுல்ஸ்மேல இல்லை. முந்தின நாளே முக்கால் வேக்காட்டில் எடுத்து, எண்ணெய் புரட்டி, விசிறி ஆற வைக்கிற நூடுல்ஸ் அது. காலையில கொதிக்கிற தண்ணியில சில விநாடி முக்கி எடுத்து, எள் விழுது ஊற்றிக் கொடுப்பாங்க. வாங்கின கையோட கிளறணும். ஒரு நிமிஷம் விட்டா எள் விழுது இறுகிடும். கூடவே முட்டையடிச்ச இனிப்பு அரிசிக்கள், தான் ச்சியோ, ஒரு கப் வாங்கணும். அது இல்லாம வறட்சின்னு சொல்லக்கூடாது. ஊரே நடந்துகிட்டே அந்த நூடுல்ஸைச் சாப்பிடுதுன்னா காரணம் இல்லாமலா?

தேனி தம்பிக்கும் ஒண்ணு சொல்லணும். மியென் வோ வடை இல்லை. உளுந்தே கிடையாது. அரிசியும் சோயாவும் ஊறவைச்சு அரைச்சது. வடைக்கு உள்ளே பஞ்சு மாதிரி இருக்கணும். இதுக்கு நடுப்பகுதி அப்பளம் மாதிரி நொறுங்கணும். நான் வூஹானோட ஹான்கோ பகுதியில ஆறு வருஷம் குடும்பத்தோட இருந்தேன். வடைன்னு சொல்லிச் சொல்லியே நம்ம ஆட்கள் அதோட ருசியைக் கவனிக்கிறதில்லை. பேருக்கே மாவுக்கூடுன்னுதான் அர்த்தம். கூடுன்னா பறவைக்கூடு. அதுவே எவ்வளவு அழகு!

சைவம் மட்டும்:
நான் தோபியில் ஏமாந்தவள். பாசிப்பயறும் அரிசியும் அரைத்து வட்டக்கல்லில் ஊற்றுவதை என் கண்ணால் பார்த்தேன், அடை என்றே நினைத்துவிட்டேன். முட்டை ஊற்றினார், பரவாயில்லை, முட்டை சாப்பிடுவேன். மேலே ஒட்டரிசிச் சோறு பரப்பித் திருப்பிப் போட்டார். முதல் கடியில் ஒரு கறித்துண்டு பல்லில் பட்டது. நடுத்தெருவில் நின்று அழுதேன். அந்த அம்மா பதறிப்போய் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் செய்முறையே அதுதான். இருந்தாலும் அந்தக் கடி இன்னும் பல்லிலேயே இருக்கிறது.

ஹான்கோ அக்கா:
சைவம் மட்டும், கண்ணு, இதை நீ கேட்கலை, ஆனாலும் சொல்றேன். இனிமே போறவங்களுக்காவது உதவும். "பூ யாவ் ரோ", அதாவது கறி வேண்டாம்னு மட்டும் சொல்லாதே. கறித்துண்டைப் பொறுக்கி எடுத்துட்டு அதே கரண்டியால போடுவாங்க. "வோ ச்சீ சூ", நான் சைவம்னு சொல்லு. அப்பத்தான் முழுசாப் புரியும். ரெ கான் மியெனில் கறி தெரியாது, ஆனா பல கடைகள்ல மேலே ஒரு கரண்டி லூ ஷுய் ஊற்றுவாங்க. அது கறியும் எலும்பும் மசாலாவோட கொதிச்ச சாறு. "லூ ஷுய் வேண்டாம், எள் விழுது கூடப் போடுங்க"ன்னு கேளு. ஊறவைச்ச முள்ளங்கியும் காராமணிக்காயும் தாராளமாப் போடச் சொல்லு, ரெண்டும் புளிப்பா நல்லா இருக்கும். மியென் வோ மாவு சைவம்தான், ஆனா அதே எண்ணெயில வேற என்ன பொரிக்கிறாங்கன்னு ஒரு நிமிஷம் நின்னு பாரு. ஹாட் பாட் கடையில காரக் குழம்பு பெரும்பாலும் மாட்டுக் கொழுப்புல செய்றது, காளான் சாறு கேளு. வூஹானோட ஊச்சாங் பகுதியில பாவ்தோங் கோயில்ல சைவச் சாப்பாட்டுக் கடை இருக்கு. முதல் வாரமே அங்கே போ. குளிர்காலத்துல சிவப்புத் தண்டுக் கீரை, ஹோங் ட்சாய் தாய், சந்தைக்கு வரும். எண்ணெய், வரமிளகாய், பூண்டு போட்டு நீயே வதக்கு. நம்ம ஊர்ல அந்த ருசியில ஒரு கீரை கிடையாது.

வன்னிச்சி:
நான் ஒரு வருசம்தான் அங்க இருந்தனான். வீட்டுக்கார அம்மா ஒரு ஞாயிறு கூப்பிட்டு, மண்சட்டியில தாமரைக்கிழங்கும் பன்றி எலும்பும் போட்ட சூப் தந்தவா. காலமை அடுப்பில வைச்சது, மத்தியானம்தான் இறக்கினவா. கிழங்கைக் கடிக்கேக்க மாவா இருந்தது, மரவள்ளி மாதிரி. வாயில இருந்து இழுக்க நூல் நூலா நீண்டு வந்தது. அந்த நூல் அறாமல் கிண்ணத்துக்கும் என்ர வாய்க்கும் நடுவில தொங்கினதைப் பார்த்து அவ சிரிச்ச சிரிப்பு... அதுக்குப் பிறகு எங்க வாங்கிச் சமைச்சாலும் கிழங்கு நறுக்கெண்டுதான் இருக்குது. அந்த மாப்பதம் வரேல்லை.

ஹான்கோ அக்காவுக்கு ஒண்டு: வடை எண்டு சொன்னபடியால்தானே தேனித் தம்பி அந்தச் சட்டியடியில நிண்டவர். தூர ஊரில சனம் அப்பிடித்தான் ஒண்டைப் பிடிக்கும். விடுங்கோ அக்கா.

தேனிக்காரன்:
அக்கா, உளுந்து இல்லை என்று எனக்கும் பிறகு தெரிந்தது. வன்னி அக்காவுக்கு நன்றி.

அந்தப் பாட்டியின் பெயர் எனக்குத் தெரியாது. வண்டியில் தொங்கிய, காசு கட்டுவதற்கான வீசாட் க்யூஆர் அட்டையைப் படம்கூட எடுத்து வைக்கவில்லை. 2021இல் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வும் வீட்டிலிருந்தே முடிந்தது, பிறகு நான் வூஹான் போகவே இல்லை. இப்போது அங்கே இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: ஊச்சாங்கில் பல்கலைக்கழகப் பின்கேட் சந்துகளில், காலை ஆறு முதல் எட்டரைக்குள், மியென் வோ சட்டி வைத்திருக்கும் பாட்டி, இடது கைக் கட்டைவிரலில் பழைய தீக்காயத் தழும்பு. "மாவ்?" என்று கேட்டால் தலையை ஆட்டாதீர்கள். "குவோ லியாவ்", சாப்பிட்டாச்சு என்று சொல்லுங்கள். இரண்டு வாங்குங்கள். இரண்டுக்கும் காசு கொடுங்கள்.