சிக்னல் இல்லாத மலைக் கிராமங்களில் கைப்பேசி வழிக் கணக்கெடுப்பு ஒத்துவருமா?

கேள்வி

வணக்கம். ஜவ்வாது மலையின் சில குக்கிராமங்களில், 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளின் ஊட்டச்சத்து நிலையை வீடு வீடாகக் கணக்கெடுக்க இருக்கிறோம். சென்ற முறை காகிதப் படிவத்தில் எடுத்தோம். கீழே வந்து கணினியில் ஏற்றியபோதுதான், ஊட்டச்சத்து நிலையைக் காட்டும் மேல்கைச் சுற்றளவை (தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அளப்பது) சிலர் சென்டிமீட்டரிலும் சிலர் மில்லிமீட்டரிலும் எழுதியிருந்ததும், பல குழந்தைகளின் வயது விடுபட்டிருந்ததும் தெரிந்தன. அந்த வீடுகளுக்கு மறுபடி ஏறிச் செல்ல இயலவில்லை. இம்முறை கைப்பேசியைப் பயன்படுத்தலாமா? பெரும்பாலான இடங்களில் சிக்னல் கிடையாது.

மறுமொழி 1

தாராளமாகப் பயன்படுத்தலாம். 2015-16இல் நடந்த நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்வே காகிதத்தை விட்டுக் கையடக்கக் கணினிக்கு மாறிவிட்டது. உங்களுக்கு ஓடிகே கலெக்ட் அல்லது கோபோ டூல்பாக்ஸ் என்ற கணக்கெடுப்புச் செயலி போதும். படிவத்தை எக்ஸெலில் தமிழிலேயே எழுதலாம். நிரப்பிய படிவங்கள் கைப்பேசியிலேயே தங்கி, சிக்னல் கிடைத்ததும் சர்வருக்குச் செல்லும். சுற்றளவு மில்லிமீட்டரில் மட்டும், குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டும் ஏற்கப்படும்படி கட்டுப்பாடு வையுங்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் அது கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு என்பதால், "மறுபடி அளக்கவும், மருத்துவரிடம் அனுப்பவும்" என்ற குறிப்பு உடனே திரையில் வரட்டும். தாய் வாசலில் நிற்கும்போதே பிழை தெரிவதும், குழந்தைக்கு அன்றே உதவி கிடைப்பதும் காகிதத்தில் நடக்காதவை. சிக்னலைவிட மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். ஆளுக்கொரு பவர் பேங்க் கட்டாயம்.

மறுமொழி 2

மேலே சொன்னவருடன் உடன்படுகிறேன். ஆனால் வயதைக் கைப்பேசி சரிசெய்துவிடாது. "ஒன்றரை வயது இருக்கும்" என்று தாய் சொல்வதை 18 என்று பதிந்தால் எந்தக் கட்டுப்பாடும் அதைத் தடுக்காது. தரவில் 12, 18, 24 மாதங்களில் மட்டும் குழந்தைகள் குவிந்துவிடுவார்கள். வயதைக் கேட்காதீர்கள். தடுப்பூசி அட்டையிலுள்ள பிறந்த தேதியைப் பதிந்து, மாதக் கணக்கைக் கைப்பேசியிடம் விடுங்கள். அட்டை இல்லாத வீட்டில் பொங்கல், சாமை அறுவடை, ஊர்த் திருவிழா ஆகியவற்றை மாதவாரியாகக் குறித்த ஒரு நாட்காட்டியைக் காட்டி, பிறப்பு அதற்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். அந்த நாட்காட்டியை ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து முதலில் காகிதத்தில் தயாரிக்க வேண்டும். பயிற்சியின் பெரும்பகுதியை இதற்கே ஒதுக்குவேன்.

மறுமொழி 3

ஜிபிஎஸ் பற்றி ஒரு வேண்டுகோள். ஐந்தாறு வீடுகளே உள்ள ஊரில் வீட்டின் இருப்பிடப் புள்ளியும் அந்தக் குடும்பத்தின் பெயரும் ஒன்றுதான். பல நாடுகளில் நடத்தப்பட்ட டிஎச்எஸ் எனும் மக்கள்தொகை, உடல்நல ஆய்வுகளில், ஊர்த் தொகுதியின் புள்ளியையே நகர்ப்புறத்தில் 2 கிலோமீட்டர் வரையும் கிராமப்புறத்தில் பெரும்பாலும் 5 கிலோமீட்டர் வரையும் வேண்டுமென்றே நகர்த்திய பிறகுதான் வெளியிட்டார்கள். பின்தொடர்தலுக்கு வீட்டுப் புள்ளி தேவையென்றால் எடுங்கள். பகிரும் கோப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். படிவங்களைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யும் வசதியும் ஓடிகேயில் உண்டு. ஆனால் அப்படி இறுதிசெய்த படிவத்தைக் கைப்பேசியில் மறுபடி திறக்க முடியாது என்பதால், மேற்பார்வையாளர் மாலையில் பார்த்து முடித்த பிறகே இறுதிசெய்யச் சொல்லுங்கள்.