மறு: மறு: பீசோமீட்டருக்குத் தமிழில் என்ன?

ஈரோட்டிலிருந்து, வியாழன் காலை

நண்பர்களே, வணக்கம். ஒரு கல், கிராவல் குவாரியின் சுற்றுச்சூழல் அறிக்கைச் சுருக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வைப்பது. 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி உள்ளூர் மொழியிலும் இருந்தாக வேண்டும். திங்களன்று அச்சுக்குப் போகிறது. நிலத்தடி நீர்ப் பகுதியில், பூமிக்குள் இருக்கும் நீரின் அழுத்தத்தைக் காட்டும் ‘பீசோமீட்டர்’ 11 இடத்தில் வருகிறது. எனக்கு முன் செய்தவர் ‘அழுத்தமானி’ என்று போட்டிருக்கிறார். ‘குவாரியைச் சுற்றி 3 அழுத்தமானிகள் பொருத்தப்படும்’ என்று படித்தால், ஆஸ்பத்திரியில் கையில் சுற்றும் பட்டையைத்தான் ஊர்க்காரர்கள் நினைப்பார்கள். நல்ல சொல்லாகத் தாருங்கள்.

தஞ்சையிலிருந்து, வியாழன் பிற்பகல்

தம்பிக்கு வாழ்த்து. வேரிலிருந்து போவோம். கிரேக்கத்தில் ‘பியெசோ’ என்றால் அழுத்து, நசுக்கு. டென்மார்க்கின் எர்ஸ்டெட் 1822 வாக்கில் தண்ணீரையே நசுக்கிப் பார்த்த கருவிக்கும் இந்தப் பெயர்தான். இப்போது நம் ‘பிசை’யை எண்ணிப் பாருங்கள். பிசைதல், பிசின், பிழிதல், எல்லாம் அழுத்தப் பொருளே. கிரேக்கன் யாரிடமிருந்து எடுத்தான் என்று நான் சொல்லவும் வேண்டுமோ? என் பரிந்துரை: பிசைமானி.

கோவையிலிருந்து, வியாழன் மாலை

ஐயா, அடுப்படியில் மாவு பதம் பார்க்கிற கருவியா இது?

சென்னையிலிருந்து, வியாழன் இரவு

பிசை இருக்கட்டும், மானி எதற்கு? அது வடமொழி மானத்திலிருந்து வந்தது. அளவி என்போம், இல்லையென்றால் கோல். முழக்கோலும் துலாக்கோலும் கையில் இருக்க மானியைக் கடன் வாங்குவானேன்? ‘நீரழுத்த அளவி’ போதும்.

சேலத்திலிருந்து, வெள்ளி காலை

இருபது வருஷம் குழாய்க்குள் நாடா விட்டவள் சொல்கிறேன், கொஞ்சம் கேளுங்கள். இதில் முள் கிடையாது, டயல் கிடையாது. துளை போட்டு பி.வி.சி. குழாய் இறக்குவோம். அடியில் கடைசி இரண்டு மூன்று மீட்டரில் மட்டும் கீறல் இருக்கும். கீறலைச் சுற்றிப் பொடிச் சரளை, அதன் மேல் பென்டோனைட் களிமண் அடைப்பு. மேலே உள்ள பாறை வெடிப்புத் தண்ணீர் உள்ளே இறங்காது. ஆகவே குழாயில் நிற்கும் மட்டம் அந்த ஒரு ஆழத்து அழுத்தத்தை மட்டும் காட்டும். நாடாவின் முனை நீரில் பட்டதும் மேலே பீப் சத்தம் வரும். அளவைக் குறித்துக்கொள்வோம், அவ்வளவுதான்.

இந்தப் பாறை நாட்டில் திறந்த கிணற்றில் எல்லா ஊற்றும் கலந்து ஒரே மட்டமாக நிற்கும். குவாரிக் குழி கீழ் வெடிப்பைத் தொட்டு மோட்டார் வைத்து இறைக்கத் தொடங்கினால், கீழே அழுத்தம் சரிவதைப் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு உடனே காட்டாது. அதனால் ‘நோக்குக் கிணறு’ (observation well) என்று மட்டும் போட்டுவிட வேண்டாம், அது வேறு. மத்திய நிலத்தடி நீர் ஆணையத்தின் 2020 வழிகாட்டுதல் பீசோமீட்டரை இறைக்கும் கிணற்றிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி, 4 முதல் 6 அங்குல விட்டத்தில் போடச் சொல்கிறது. நடைமுறையில் சும்மா ஒரு போரைப் போட்டு பீசோமீட்டர் என்று படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். அந்த வயிற்றெரிச்சலை இன்னொரு நாள் பேசுவோம்.

மதுரையிலிருந்து, வெள்ளி மதியம்

கிணறு என்றதும் நினைவுக்கு வந்தது. கூவல் என்ற சொல்லை ஏன் விட்டுவிட்டோம்? குறுந்தொகை 224இல் இரவில் கூவலில் விழுந்த குரால் பசுவின் துயரைக் கண்ட ஊமன் வருகிறான். பார்த்துவிட்டான், சொல்ல வாயில்லை. யாரும் படிக்காத அளவீட்டை வைத்துக்கொண்டு நிற்கிற உங்கள் குழாயும் அப்படித்தானே, அக்கா? ‘அளவைக் கூவல்’ எப்படி?

கோவையிலிருந்து, வெள்ளி மாலை

கூவல் என்றால் எங்கள் ஊரில் சேவல்தான். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக்கரண்டி என்றாலே என்னவென்று கேட்கிற பிள்ளைகளிடம் இதைக் கொண்டுபோக முடியாது.

ஈரோட்டிலிருந்து, சனி காலை

நேற்று அந்த ஊருக்கே போய்விட்டு வந்தேன். பக்கத்துக் குவாரியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தரைக்கு மேல் முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டு இரும்பு மூடி, அதில் துருப்பிடித்த பூட்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா அதை ‘பூட்டுப் போட்ட போர்’ என்றார். சாவி யாரிடம் என்று கேட்டேன். ‘எவன் கண்டான் கண்ணு’ என்றார்.

சென்னையிலிருந்து, சனி மதியம்

மக்கள் வாய்ச்சொல் என்பதற்காக ‘போர்’ என்று அச்சில் போடுவதா? ஊற்றுக்கண் என்ற அருமையான சொல் இருக்கிறது. ‘ஊற்றுக்கண் அளவி’ என் முடிவான பரிந்துரை.

கரூரிலிருந்து, சனி இரவு

‘மட்டக்குழாய்’ என்று சுருக்கலாமா?

கோவையிலிருந்து, சனி இரவு

கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கிற டியூப் ஆகிவிடும்.

ஈரோட்டிலிருந்து, ஞாயிறு இரவு

எண்ணிப் பார்த்தேன். மட்டக்குழாயின் முன்னால் ஊற்றைச் சேர்த்த ‘ஊற்றுமட்டக் குழாய்’க்கு 4 பேர், ‘ஊற்றுக்கண் அளவி’க்கு 2 பேர், பீசோமீட்டரே இருக்கட்டும் என்று 3 பேர். முதலில் வரும் இடத்தில் ‘பீசோமீட்டர் எனப்படும் ஊற்றுமட்டக் குழாய்’ என்று எழுதி, மற்ற 10 இடத்திலும் ஊற்றுமட்டக் குழாயாகவே விட்டுவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

சேலத்திலிருந்து, ஞாயிறு இரவு

அழுத்தம் சொல்லிலிருந்து போய்விட்டது. எனக்கு ஒப்புதல் இல்லை என்று பதிவாகட்டும். ஆனால் அழுத்தமானியைவிடத் தேவலை. அப்புறம் தம்பி, மட்டத்தை எத்தனை நாளுக்கு ஒருமுறை அளப்பார்கள், அந்தக் கணக்கு எங்கே ஒட்டப்படும் என்று சுருக்கத்தில் ஒரு வரி உண்டா?

ஈரோட்டிலிருந்து, ஞாயிறு நள்ளிரவு

மூலத்தில் இல்லை அக்கா. மொழிபெயர்ப்பில் நானாகச் சேர்க்க முடியாது.

தஞ்சையிலிருந்து, திங்கள் விடியல்

பிசை குறித்து மேலும் நான்கு சான்றுகள் கிடைத்துள்ளன. மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

கரூரிலிருந்து, திங்கள் காலை

தம்பி, வரைவை இப்போதுதான் பார்த்தேன். கிராவலை எல்லா இடத்திலும் ‘சரளை’ என்று மாற்றியிருக்கிறீர்களே! நம் பக்கம் குவாரிக்காரர் கிராவல் என்றால் பாறைக்கு மேலே கிடக்கிற செம்மண், பள்ளம் நிரப்பக் கொண்டுபோவது. சரளை என்றால் உருட்டுக்கல். இரண்டும் ஒன்றில்லை.

ஈரோட்டிலிருந்து, திங்கள் காலை

அண்ணா, கோப்பு அச்சுக்குப் போய்விட்டது.