அப்டேட்: சிபில் ஸ்கோர் 790-ஐ அமெரிக்கா கொண்டு போக முடியுமான்னு கேட்டிருந்தேனே

மார்ச்ல கேட்டிருந்தேன், டல்லாஸ் போறதுக்கு முன்னாடியே அங்க கிரெடிட் ஹிஸ்டரி (கடன ஒழுங்கா கட்டினதுக்கான பதிவு) உருவாக்க முடியுமான்னு. வந்து எட்டு மாசம் ஆச்சு, பதில் சொல்லாம விட்டதுக்கு சாரி.

நேரா சொன்னா சிபில் ஸ்கோர் (நம்ம ஊர்ல கடன் கட்டுற விதத்துக்கு குடுக்குற மார்க்) இங்க செல்லாது, சைபர்லருந்துதான் ஆரம்பம், கரண்ட் கனெக்‌ஷனுக்கே டெபாசிட் கேட்டாங்கன்னா பாத்துக்கோங்க. ஆனா இந்திய ரிப்போர்ட்ட நோவா கிரெடிட்ங்கிற (வெளிநாட்டு கிரெடிட் ரிப்போர்ட்ட இங்க எடுத்துக் குடுக்குற கம்பெனி) மூலமா அமெக்ஸ் (அமெரிக்கன் எக்ஸ்பிரஸ்) பாக்குது, அதுல அப்ளை பண்ணி கார்டு கிடைச்சிடுச்சு. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி சிபில் ரிப்போர்ட்ல பேரு, பிறந்த தேதி எல்லாம் பாஸ்போர்ட்ல இருக்க மாதிரியே இருக்கான்னு பாருங்க, எனக்கு இனிஷியல் குழப்பத்துலயே ரெண்டு வாரம் போச்சு (நம்ம ஊர் இனிஷியல் பஞ்சாயத்து கடல் தாண்டியும் விடாது). இந்திய சிம்மையும் கட் பண்ணிடாதீங்க, ஓடிபி அதுக்குதான் வரும்.

கூடவே 500 டாலர் டெபாசிட் கட்டி ஒரு செக்யூர்டு கார்டும் (டெபாசிட்ட ஈடா வச்சு குடுக்குற கிரெடிட் கார்டு) எடுத்தேன். ஃபைகோ ஸ்கோர் (இங்க சிபில் மாதிரி பாக்குற ஸ்கோர்) வரணும்னா ஒரு அக்கவுன்ட்டாவது ஆறு மாசம் பழசா இருக்கணும், அதுவரைக்கும் ஒண்ணும் காட்டாது, பதறாதீங்க. ஸ்டேட்மென்ட் வர்றதுக்கு முன்னாடியே முக்கால்வாசி கட்டிடுவேன், பேலன்ஸ் கம்மியா ரிப்போர்ட் ஆகும்ல, ஸ்கோருக்கு அது நல்லது. போன வாரம் பாத்தா 712!

கார் லோன் மட்டும் இன்னும் கேக்கல.