பெண் ஸ்பிட்ஸ் காலிலும் தலையணையிலும் ஏறுகிறாள்: ஹார்மோனா, பழக்கமா?

மொட்டைமாடி கேட்டது:

இந்தியன் ஸ்பிட்ஸ், பெண், 2 வயது, எடை 5.8 கிலோ. (ஊரில் எல்லாரும் பொமரேனியன் என்றுதான் சொல்வார்கள்.) கருத்தடை ஆபரேஷன் இன்னும் செய்யவில்லை. கடைசி ஹீட்டில் (இணை சேரும் பருவத்தில்) ரத்தக்கசிவு தொடங்கி இப்போது 8 வாரம். ஆண் நாயோடு சேரவில்லை.

சாயங்காலம் 6 மணிக்கு மேல் யாராவது வீட்டுக்குள் வந்தால் அவர் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இடுப்பை ஆட்டுகிறாள். வந்தவர் சிரித்துக்கொண்டே தள்ளினால் இன்னும் இறுக்கிப் பிடிக்கிறாள். யாரும் வராத நாளில் திவான் தலையணை. பக்கத்து ஃபிளாட் பக் ஜாதி நாய் வந்தால் அவன் முதுகு. (ஆண், கருத்தடை ஆனவன், பாவம், பேசாமல் நிற்பான்.) குழந்தைகள் ஓடினால் அவர்கள் பின்னாடி போய் ஏறப் பார்க்கிறாள். இந்தப் பழக்கம் 1 வயதிலிருந்தே கொஞ்சம் உண்டு, இப்போது அதிகமாகிவிட்டது. சாப்பாடு கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஒரு கரடி பொம்மையைக் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறாள், அது விளையாட்டு என்று விட்டுவிட்டோம்.

இது ஹார்மோனா, பழக்கமா? அதட்டலாமா? ஆபரேஷன் செய்தால் நின்றுவிடுமா? அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.

---

வாலாட்டி எழுதியது:

கடைசிக் கேள்விதான் அவசரம், அதிலிருந்து வருகிறேன். அடுத்த வார ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரிடம் "ஹீட் தொடங்கி 8 வாரம், பொம்மையைக் கவ்விக்கொண்டு ஒளிகிறாள்" என்ற இரண்டையும் சொல்லுங்கள். பெரும்பாலும் தள்ளிப்போடத்தான் சொல்வார்.

விளையாட்டு என்று நீங்கள் விட்டுவிட்ட கரடி பொம்மைதான் இங்கே துப்பு. பெண் நாய் ஆணோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஹீட் முடிந்தபின் சுமார் 2 மாதம் புரோஜெஸ்டிரான் (கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோன்) சுரந்துகொண்டிருக்கும். அது இறங்கும்போது புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) ஏறும். சில நாய்களுக்கு அப்போது பொய்ச்சினை வரும், அதாவது சினையாகாமலே சினையான மாதிரி உடம்பு நடந்துகொள்ளும். மடி வீங்கும், சிலதுக்குப் பாலே வரும், பொம்மையைக் குட்டி மாதிரிப் பார்த்துக்கொள்ளும், சாப்பாடு குறையும், நிலைகொள்ளாமல் திரியும். அந்த நேரத்தில் கருமுட்டைப் பையை எடுத்தால் மிச்சமிருக்கும் புரோஜெஸ்டிரானும் ஒரேயடியாக விழும், புரோலாக்டின் அடங்காது, பொய்ச்சினை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போகலாம். ஹீட் தொடங்கி 3, 4 மாதம் கழித்து, மடி நன்றாக வற்றியபின் செய்வதுதான் வழக்கம்.

இன்றைக்கு மடியைப் பாருங்கள். பின்னங்கால் பக்கம் இருக்கும் கடைசி 2 ஜோடியில்தான் வீக்கம் நன்றாகத் தெரியும். பிதுக்கிப் பார்க்க வேண்டாம், வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தொடத் தொடப் பால் ஊறும், அவளே நக்கினாலும் அப்படித்தான். பொம்மையை அவள் வாக்கிங் போயிருக்கும்போது எடுத்து ஒளித்துவிடுங்கள். கண்ணெதிரே பிடுங்கினால் கடிக்க வருவாள், குழந்தைகள் இருக்கிற வீடு வேறு. பெரும்பாலும் 2, 3 வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். மடி சிவந்து, சூடாக, கல் மாதிரி இருந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். பாலை நிறுத்த கேபர்கோலின் என்று ஒரு மருந்து உண்டு. அளவு எடையைப் பொறுத்தது, டாக்டர் எழுதித் தராமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று, இதைப் பொய்ச்சினையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஹீட் முடிந்த 1, 2 மாதத்தில்தான் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் பயோமெட்ராவும் வரும். அதிலும் சாப்பாடு குறையும். வித்தியாசம், தண்ணீர் நிறையக் குடிப்பாள், வாந்தி, சோர்வு, சில சமயம் பிறப்புறுப்பில் சீழ் வடியும். சீழ் வெளியே வராத வகைதான் இன்னும் ஆபத்து. தண்ணீரை அளந்து வையுங்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது உங்கள் நாய்க்கு 580 மில்லிக்கு மேல் போனால் அது அதிகம். அப்படி இருந்தால் காத்திருக்காமல் அன்றே ஸ்கேன். பயோமெட்ரா என்றால் ஆபரேஷனைத் தள்ளிப்போடும் பேச்சே கிடையாது.

ஆபரேஷன் செய்தால் நிற்குமா? ஹீட் சமயத்தில் கூடுகிற பகுதி குறையும். ஆள் வந்த குஷியில் ஏறுவது குறையாது, அது ஹார்மோன் வேலை இல்லை. ஆபரேஷனை பயோமெட்ராவும் மடிக் கட்டியும் வராமலிருக்கச் செய்யுங்கள், இதற்காக அல்ல.

---

திண்ணைப்பூனை எழுதியது:

நாய்க்காரன்தான், பேர்தான் பூனை.

பழக்கம் பக்கத்தை நான் சொல்றேன். 1 வயசுலேருந்தே இருக்கு, ஆள் வந்தா, குழந்தை ஓடினா, இன்னொரு நாய் வந்தா வருது. மூணுக்கும் பொது என்ன? குஷியும் படபடப்பும் ஏறிப்போச்சு, அதை எங்க கொண்டுபோய் விடறதுன்னு தெரியல. சில நாய் குரைக்கும், சிலது வட்டமடிச்சு ஓடும், சிலது செருப்பைத் தூக்கும், உங்களுது ஏறுது. காமமும் இல்ல, "நான்தான் இங்க பெரியவ"ன்னு காட்டறதும் இல்ல. அதனால மல்லாக்கத் தள்ளி அமுக்கறது, பேப்பரைச் சுருட்டி அடிக்கறது, முகத்துல தண்ணி பீச்சறது எல்லாம் எண்ணெய் ஊத்தற வேலை. கையால தள்ளறதும் சிரிக்கறதும் அவளுக்கு விளையாட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி.

ஏறினப்புறம் இறக்கறதைவிட ஏறறதுக்கு முன்னாடி இருக்கற 2, 3 நொடியைப் பிடிக்கணும். அந்த நேரத்துல வாயை மூடிட்டு ஒரே இடத்தைப் பார்ப்பா, உடம்பு விறைக்கும், அப்புறம் முன்னங்காலை முட்டியில வைப்பா. நாய் முதுகுன்னா முதல்ல தாடையை வைப்பா. ஒரு வாரம் நோட்டுல எழுதுங்க: எத்தனை மணி, யார் வந்தாங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு. எந்த நேரத்துல தயாரா இருக்கணும்னு அதுலயே வந்துடும்.

சாமான் அதிகம் வேணாம். ஹார்னஸ் (நெஞ்சைச் சுத்திப் போடற பட்டை), 5 அடி லேசான கயிறு (நுனியில கைப்பிடி வளையம் இருந்தா வெட்டிடுங்க, நாற்காலிக் கால்ல மாட்டும்), ஒரு பாய் இல்ல கால்மிதி, உப்பு போடாம வேகவெச்ச கோழி நெஞ்சுக்கறி. கறியைப் பச்சைப்பட்டாணி அளவுக்கு மேல நறுக்காதீங்க. ட்ரீட்டோட கலோரி ஒரு நாள் சாப்பாட்டுல பத்துல ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, இந்த சைஸ் நாய் குண்டாச்சுன்னா முட்டிச் சில்லு நழுவற பிரச்சனை இன்னும் மோசமாகும். கயிறைக் கழுத்துப் பட்டையில கட்டாதீங்க, இந்தச் சின்ன ஜாதிக்கு மூச்சுக்குழாய் மென்மை, இழுத்தா இருமல்தான் மிச்சம். ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும் கயிறு, தனியா விடும்போது கழட்டிடணும்.

யாரும் வராத நேரத்துல ரெண்டு வேலை சொல்லிக் கொடுங்க. ஒண்ணு, உள்ளங்கையை மூக்குக்குப் பக்கத்துல நீட்டினா வந்து மூக்கால தொடணும். தொட்டதும் கறி. முதல்ல அரை அடி தூரத்துலேருந்து, அப்புறம் ரூம் இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு. இன்னொண்ணு பாய். வாசக்கதவுலேருந்து 7, 8 அடி தள்ளிப் போடுங்க. நாலு காலும் பாய்மேல இருந்தா கறி, முதல்ல 3 நொடிக்கு ஒண்ணு, அப்புறம் 5, 10, 20. கறியைக் கையில நீட்டாம பாய்மேலேயே வைங்க, அப்பத்தான் அவளுக்கு இடம் பதியும். ஒரு தடவை 3, 4 நிமிஷம், நாளைக்கு ரெண்டு மூணு தடவை போதும். சலிச்சுப்போக விடாதீங்க.

இது நல்லா வந்தப்புறம் வீட்டு ஆளையே வெளிய அனுப்பி பெல் அடிக்கச் சொல்லுங்க. பெல் அடிச்சா பாய்னு பழகணும். நிஜ விருந்தாளியில ஆரம்பிச்சா தோத்துடுவீங்க. அப்புறம் விருந்தாளி. கயிறு உங்க கையில, வந்தவர் 5 நிமிஷம் அவளைப் பார்க்கவும் வேணாம், கூப்பிடவும் வேணாம், நேரா போய் உட்காரட்டும். விறைக்கறது தெரிஞ்சதும் கையை நீட்டிக் கூப்பிடுங்க. வந்துட்டா கறி. வராம ஏறிட்டா ஒண்ணும் பேசாம கயிறால பக்கவாட்டுல மெதுவா நகர்த்தி அடுத்த ரூம்ல 30 நொடி. திட்டறது, கண்ணைப் பார்க்கறது ரெண்டும் வேணாம். 5 நிமிஷம் அடைச்சுவெச்சா குரைக்கக் கத்துக்குவாளே தவிர வேற ஒண்ணும் இல்ல.

வரிசையா 3 தடவை அப்படி ஆச்சுன்னா அன்னைக்குப் பாடம் முடிஞ்சது. மூளை கேக்கற நிலையில இல்லன்னு அர்த்தம். பழைய துண்டுல அவ சாப்பாட்டைத் தூவி சுருட்டி, தனி ரூம்ல கொடுங்க. மோந்து மோந்து எடுத்துத் தின்னா 10 நிமிஷத்துல இறங்கிடுவா. சாயங்காலம் 6 மணின்னு சொன்னீங்க, அது நிறைய நாய்க்குத் தூக்கம் போதாத நேரம். வளர்ந்த நாய் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல தூங்கும். பகல் முழுக்கக் குழந்தைங்க சத்தம்னா 3 மணிக்கே அவளை அமைதியான ரூம்ல விட்டுப் பாருங்க, பாதிப் பிரச்சனை அங்கயே போகலாம்.

முதல் சில நாள் கூடும். இத்தனை நாள் வேலை செஞ்ச தந்திரம் இப்ப செய்யலன்னா இன்னும் அழுத்திப் பார்ப்பா. அந்த நேரத்துல மாமாவோ தாத்தாவோ ஒரு தடவை சிரிச்சு விளையாடிட்டா கதை முடிஞ்சது. எப்பவாவது கிடைக்கற பரிசுதான் பழக்கத்தை ரொம்ப நாள் பிடிச்சு வைக்கும்.

---

மொட்டைமாடி:

இருவருக்கும் நன்றி. கடைசி 2 ஜோடி வீங்கித்தான் இருக்கிறது, சூடு இல்லை. தண்ணீர் இன்று அளந்தது 300 மில்லி. ஆபரேஷனைத் தள்ளிவைக்க டாக்டரும் ஒத்துக்கொண்டார். தலையணையை எடுத்துவிடலாமா? பக் வரும்போது என்ன செய்ய?

---

ஜிம்மி வீட்டு அக்கா எழுதியது:

தலையணை விஷயத்தில் ரொம்ப அலட்டிக்க வேண்டாம்மா. ஒரு நாளைக்கு ஒரு தடவை, ஒரு நிமிஷம், கூப்பிட்டா விட்டுட்டு வர்றான்னா அது பாட்டுக்கு இருக்கட்டும். விருந்தாளி காலுக்குப் பதில் தலையணைன்னு இருக்கறது நல்லதுதான். கூப்பிட்டாலும் வராம, மூச்சிரைக்க இரைக்க மணிக்கணக்கா, அடிவயித்துத் தோல் சிவக்கிற அளவுக்குப் போனா எடுத்துடுங்க. பொய்ச்சினை அடங்கற வரைக்கும் எப்படியும் எடுத்து வைங்க, மடி உரசக் கூடாது.

பக் பேசாம நிக்கறான்னு எழுதியிருக்கீங்க. அவனுக்குப் பிடிச்சிருக்குன்னு நினைக்காதீங்க. காதைப் பின்னாடி மடக்கறானா, உதட்டை நக்கறானா, முகத்தைத் திருப்பிக்கறானா பாருங்க. சோதிக்க ஒரு வழி இருக்கு: உங்க பொண்ணைப் பிடிச்சுக்கோங்க, அவனை விடுங்க. திரும்பி அவகிட்டயே வந்தா விளையாட்டு. தள்ளிப் போய் உட்கார்ந்துட்டா அவனுக்கு வேண்டாம்னு அர்த்தம். பக் மூக்கு சப்பை, மேல ஒருத்தி தொங்கினா மூச்சு சீக்கிரம் வாங்கும், வெயில் காலத்துல அது சின்ன விஷயம் இல்ல.

ரெண்டு பேரையும் வீட்டுக்குள்ள நேருக்கு நேர் விடாம, முதல்ல வெளிய பக்கத்துல பக்கத்துல 10 நிமிஷம் நடக்க விடுங்க. அப்புறம் உள்ள. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு தடவை கூப்பிட்டுப் பிரிச்சு ட்ரீட் கொடுத்துத் திரும்ப விடுங்க. அவன் உறுமினா அவனை அதட்டாதீங்க. "வேண்டாம்"னு அவன் சொல்றது அவளுக்குப் புரியற பாஷை, அதை அடக்கினா அடுத்தது நேரா கடிதான்.

குழந்தைங்களுக்கு ஒரே விதி: ஏற வந்தா ஓடாதே, கத்தாதே, கையைக் கட்டிட்டு மரம் மாதிரி நில்லு, அம்மாவைக் கூப்பிடு. 6 வயசுக்குக் கீழன்னா அந்த விதியும் நம்ப முடியாது, நடுவுல கேட் போட்டுடுங்க.

---

வாலாட்டி:

இதே பிரச்சனையைத் தேடி இங்கே வருகிறவர்களுக்காகச் சில வரிகள், ஏனென்றால் எல்லா நாய்க்கும் பொய்ச்சினை இருக்காது.

திடீரென்று ஆரம்பித்த ஏறுதல் என்றால் முதலில் கீழ்ப்பக்கத்தைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்று, பிறப்புறுப்பு அழற்சி, ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பு, தோல் அரிப்பு எல்லாமே உறுத்தும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர், ஓயாமல் நக்குவது, பின்பக்கத்தைத் தரையில் தேய்த்து இழுப்பது ஆகியவை அடையாளம். சிறுநீர்ப் பரிசோதனைக்குக் காலை முதல் சிறுநீரில் நடுவில் வருவதைப் பிடியுங்கள். சின்னப் பெண் நாய் தரையோடு ஒட்டி உட்காரும், பாட்டில் நுழையாது. கழுவிக் காயவைத்த தட்டையான டப்பா மூடியைப் பின்னாலிருந்து நழுவவிட்டால் 5 மில்லி கிடைத்துவிடும். உடனே லேபில் கொடுங்கள், முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீஸரில் அல்ல. கிருமி வளர்ப்புச் சோதனைக்கு இப்படிப் பிடித்தது ஆகாது, டாக்டர் ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்தே எடுப்பார்.

கருத்தடை ஆன பெண் நாய்க்கு பிறப்புறுப்பு வீங்கி, ஆண் நாய்கள் கேட்டருகே கூடினால் கருமுட்டைப் பையில் துண்டு மிச்சம் இருக்கலாம். அல்லது வீட்டில் யாராவது ஈஸ்ட்ரோஜன் (பெண் ஹார்மோன்) க்ரீமைக் கையில் தடவிக்கொண்டு அவளைக் கொஞ்சுகிறார்களா என்று கேளுங்கள். டாக்டரிடம் அதைச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

ஹீட்டைத் தள்ளிப்போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரான் ஊசியை இதற்காகப் போட்டுக்கொள்ளாதீர்கள். பயோமெட்ரா, மடிக் கட்டி, சர்க்கரை நோய் மூன்றுக்கும் அது கதவைத் திறக்கும்.

மொட்டைமாடிக்கு: ஏறுவதை நாளுக்கு எத்தனை தடவை என்று எழுதிவாருங்கள். பொய்ச்சினை அடங்கி, பாய்ப் பயிற்சியும் 4 வாரம் ஒழுங்காக நடந்தும் எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அந்த நோட்டோடும், ஃபோனில் எடுத்த ஒரு வீடியோவோடும் டாக்டரிடம் போங்கள். வீடியோவில் ஏறுவதற்கு முந்தைய அரை நிமிடமும் இருக்க வேண்டும்.